ஸெய்னுதீனின் கணைக்கால்

ஸெய்னுதீன் திருகோணமலைத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவர். பின்னேரமானால் கால்பந்து. டவுன் அணியின் பின்வரிசையில் நின்று எதிராளியை மறிப்பதுதான் அவருடைய வேலை. 1972இல் மூதூர் அணியோடு விளையாடும்போது அப்படி மறிக்கப் போய்ச் சின்னராசா என்ற முன்வரிசைக்காரரின் உதை கணைக்காலில் இறங்கியது. எலும்பு வெடித்த சத்தம் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம்.

இரண்டு மாதம் காலில் பிளாஸ்டர். கழற்றியபோது கால் மெலிந்து போயிருந்தது.

"இனிப் பந்தைத் தொடக்கூடா. நாலு வயிறு உங்கட காலை நம்பித்தான் இருக்கு" என்றாள் மனைவி ஸுல்பிகா.

"ஓம், நீ சொல்றது சரி. ஆனா விளையாட்டை விட எனக்கு ஏலாது. காலைக் காப்பாத்த ஒரு வழி பார்க்கிறன்."

தினமும் விடிய எழும்பிக் கடற்கரை மணலில் நடந்தார். பிறகு மெல்ல ஓடினார். காலுக்குப் பலம் வந்தது, உதையைத் தாங்கக் கணைக்காலில் கட்டும் காப்புத்தான் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான் கடைகளுக்கு வராத காலம். பழைய பேப்பரை மடித்துச் சொக்ஸுக்குள் வைத்தார். வியர்வையில் ஊறிக் கஞ்சியாய்ப் போனது. மூங்கிலைப் பிளந்த சிலாம்பு வைத்தார். முதல் உதையிலேயே முறிந்தது.

ஒரு நாள் வேலைத்தலத்தில் தண்ணீருக்குப் போட்ட தடித்த பிளாஸ்டிக் குழாயின் துண்டொன்று கழிவாகக் கிடந்தது. கேட்டு வாங்கி வந்து நீளவாக்கில் இரண்டாக அரிந்தார். கொதிதண்ணீரில் போட்டு இளக்கி, சாக்கைச் சுற்றிய தன் காலிலேயே வைத்து அமர்த்தினார். உள்ளே சைக்கிள் டியூபை ஒட்டி, காலில் கட்டிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"விறகுக்கட்டையால அடி."

"உங்களுக்கு விசரா?"

"அடி, ஸுல்பிகா. மைதானத்தில உடையிறதை விட வீட்டில உடையட்டும்."

முதல் அடி பூப்போல விழுந்தது. மூன்றாவதை அவள் இரண்டு மாதக் கோபத்தையும் சேர்த்துப் போட்டாள். குழாய் உடையவில்லை, கால் நோகவுமில்லை.

அடுத்த போட்டியில் மத்தியஸ்தர் ஞானசேகரம் அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். "விளிம்பு கத்தி மாதிரி இருக்கு. உங்கட கால் தப்பும், மற்றவனுக்குக் கிழியும். இதோட இறங்கேலாது."

ஸெய்னுதீன் காப்பைக் கழற்றினார். அந்த ஆட்டத்தை வெளியே இருந்து பார்த்தார். வீட்டுக்குப் போய் விளிம்பை அரத்தால் ராவி உருட்டினார். சுற்றிவர ஸுல்பிகா கான்வஸ் துணி தைத்துக் கொடுத்தாள்.

மறுமுறை ஞானசேகரம் விரலை ஓட்டிப் பார்த்து, "சரி, இறங்குங்கோ" என்றார். எதிரே அதே மூதூர் அணி. இடைவேளைக்கு முன்னமே சின்னராசாவின் உதை அதே கணைக்காலில் விழுந்தது. சின்னராசா பயந்து நின்றுவிட்டார். ஸெய்னுதீன் பந்தோடு போய்க்கொண்டிருந்தார். டவுன் அணி ஒரு கோலால் தோற்றது. அவரோ கடைசி விசில் வரைக்கும் மைதானத்தில் நின்றார்.

அடுத்த கிழமை மூதூரிலிருந்து லோஞ்சிப் படகில் கடல் கடந்து சின்னராசா வீடு தேடி வந்தார்.

"அண்டைக்கு உங்கட காலை நான் வேணுமெண்டு உடைக்கேல்ல."

"தெரியும். தேத்தண்ணி குடியுங்கோ."

"எனக்கும் ஒரு சோடி செய்து தருவீங்களா?"

ஸெய்னுதீன் கதிரையை இழுத்துப் போட்டார். "காலை நீட்டுங்கோ, அளவெடுக்க வேணும்."

ஸுல்பிகா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அந்த வருஷம் முடியமுன் இரண்டு அணியிலுமாகப் பதினொரு பேர் குழாய்க் காப்போடு இறங்கினார்கள். ஸெய்னுதீன் இன்னும் ஏழு வருஷம் விளையாடினார்.