மாணிக்கம் அண்ணனின் உப்பிய கன்னம்

நரம்பியல் கிளினிக்கில் மிஸ்ஸி வேலை என்றால் ரத்தம் எடுப்பது கொஞ்சம், டாக்டர் மலாயில் சொன்னதைத் தமிழில் ஆற்றித் தருவது நிறைய. ஈப்போவில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

படம் வந்தது

மாணிக்கம் அண்ணே ஆயர் தாவாரில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு மாதமாகத் தலைவலி, சட்டையைத் திருப்பிப் போடுவது, பேச்சு நடுவில் நின்றுபோவது, கடைசியில் வலிப்பு. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறது, அதை விரட்டப் போன உடம்பின் எதிர்ப்பு சக்தியே குழாயை வீங்க வைத்துவிட்டது என்றார். நான் தமிழில் சொல்லி முடித்ததும், அவர் மனைவி சரோஜா அக்கா படத்தையே உற்றுப் பார்த்தார்.

“இந்த மண்டைக்குள்ள என்னா இருக்குன்னு கல்யாணம் ஆனதுலேருந்து தேடுறேன், நீங்க அர மணி நேரத்துல கண்டுபுடிச்சிட்டீங்களே லா.”

பசி

ஸ்டீராய்டு மாத்திரை வீக்கத்தை அடக்கும்; கூடவே பசியையும் கிளப்பும். மறு மாதம் அண்ணே தெளிவாகப் பேசிக்கொண்டு வந்தார், ஆனால் ரத்தத்தில் சீனி எகிறியிருந்தது. விசாரித்தால், கீழே கடையில் நான்கு ரொட்டி சானாயை முடித்துவிட்டுத்தான் மேலே ஏறினாராம். முறைத்தேன். மனிதர் அசரவில்லை.

“நான் சாப்புடல மிஸ்ஸி, மாத்திரதான் சாப்புடுது.”

நல்ல வார்த்தை

அந்த மருந்து கன்னத்தையும் உப்ப வைக்கும். நம் ஆட்களுக்குக் கன்னம் உப்பினால் ஆரோக்கியம். ஒரு கல்யாண வீட்டில் எல்லாரும் நல்லா சதை போட்டிருக்காரு என்று சொல்ல, நோய் போய்விட்டது என்று அக்கா முடிவு கட்டி, மிச்ச மாத்திரையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டார். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.

இரண்டு வாரத்தில் அண்ணே சக்கர நாற்காலியில் வந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அழுதுகொண்டே, போன தடவை நீங்களும்தான் மூஞ்சி நல்லா இருக்கேன்னு சொன்னீங்க என்றார். சொன்னேன்தான். அண்ணே மெதுவாக என் கையைத் தொட்டார்.

“இந்த அம்மா யாரு மிஸ்ஸி? பாவம், ஏன் அழுவுறாங்க?”

தேத்தண்ணி

வார்டில் சேர்த்து ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். இந்த முறை முழுசாகத் திரும்புவாரா என்று டாக்டரும் உறுதி சொல்லவில்லை. அக்கா தினமும் தன் பெயரைச் சொல்லிப் பார்ப்பார். அண்ணே மரியாதையாக ‘சரிங்க’ என்பார். கிளினிக் திறக்குமுன் நானும் தினமும் வார்டை எட்டிப் பார்த்து, அந்தச் ‘சரிங்க’வைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

ஆறாம் நாள் காலை, அக்கா பிளாஸ்கிலிருந்து சீனி போடாத தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். அண்ணே ஒரு வாய் குடித்துவிட்டு, சரோஜா, இந்தக் கழனித் தண்ணிய யாருடி குடிப்பா என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“திட்டுறாரு மிஸ்ஸி, என்னயத்தான் பேரு சொல்லித் திட்டுறாரு.”

புருஷனிடம் வசவு வாங்கிய ஒரு பெண்ணுக்கு நான் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னது, இத்தனை வருஷ வேலையில் அந்த ஒரு நாள்தான்.