தாய்மாமன் வைத்த பந்தயம்

என் தங்கச்சி செல்லக்கிளி மகன் பாண்டிராஜ் பேரைச் சொன்னாலே எனக்கு வாயில் எச்சில் ஊறும், துப்பத்தான். அவனுக்கும் அவன் தங்கை பாண்டிமீனாவுக்கும் தாய்மாமன் நான். இரண்டு பேருக்கும் என் மடியில் வைத்துத்தான் காது குத்தியது. எங்கள் அம்மா முத்துத்தாய்க்கு அவள் தாய்மாமன் பேயாண்டி, பருத்தி எடுத்த கூலியைச் சேர்த்துக் கம்மல் போட்டார். பொட்டுத் தங்கம்தான், ஆனாலும் தங்கம். பேரையூர்ப் பக்கம் சொந்தமாகக் காணி நிலம் இல்லாத வீடுகள் எங்களுடையவை. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் மட்டும் எந்தத் தலைமுறையிலும் குறைந்ததில்லை.

பாண்டிராஜ் கெட்டிக்காரன். பன்னிரண்டாவது முடித்து, செல்போன் கடையில் வேலைக்கு நின்று, ஏழே வருடத்தில் காளவாசலில் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டான். செத்த போனையும் பிழைக்க வைக்கிற கை அது. அந்தக் கைக்குத்தான் போக்கர் சீட்டாட்டம் பிடித்தது.

பாண்டிமீனா மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து வைத்திருந்த வாரம், கம்மல் எடுக்க அவனைக் கூட்டிப் போகலாம் என்று கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்துக் கட்டட மாடியைக் காட்டினார்கள். மத்தியான வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஐந்து பேர். பிரியாணிப் பொட்டலத்து எலும்பு மேல் ஈ. அந்த நாற்றத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆட்டத்தை விளக்குகிறான்.

“ரம்மி மாதிரி இல்ல மாமா. ஆளுக்கு ரெண்டு சீட்டு. அதப் பாத்து மொத பந்தயம். அப்புறம் நடுவுல மூணு சீட்டத் தெறப்பாங்க, எல்லாருக்கும் பொது. அதுக்குப் பேரு ஃபிளாப். மறுபடி பந்தயம். இன்னும் ரெண்டு சீட்டு ஒண்ணொண்ணா வரும். அம்புட்டுத்தான்.”

“இதுல எப்பிடிடா செயிப்ப?”

“ஃபிளாப்புக்கு முன்னாடி குப்பைச் சீட்டுக்குக் காசு வைக்கக் கூடாது. நல்ல சோடின்னா மொதல்லயே பந்தயத்தக் கூட்டி வச்சு, அரைகுறைக்காரன வெரட்டிரணும். ஃபிளாப் நமக்கு ஆகலையா, போகுது கழுதன்னு சீட்ட மடக்கிப் போட்டு ஒதுங்கிரணும். வச்ச காசு அப்புறம் நம்ம காசில்ல மாமா.”

சொன்னபடியே ஐந்தாறு ஆட்டம் தொடர்ந்து மடக்கினான். பிறகு இரண்டு ராஜா வந்தது, இரண்டும் கறுப்பு. கூட்டி வைத்தான். மூன்று பேர் விலகினார்கள். லாரி செட் வைத்திருக்கும் அசோக்குமார் மட்டும் சத்தமில்லாமல் ஈடு வைத்தான். நடுவில் மூன்று சீட்டு திறந்தது. மூன்றும் சிவப்பு ஹார்ட்டின். அதில் ஒன்று ஆஸ். அசோக்குமார் ஒரு கட்டு ரூபாயை முன்னால் தள்ளினான்.

கறுப்பு ராஜாவுக்கு ஆகாத ஃபிளாப் என்று பாண்டிராஜ் மடக்கத்தான் போனான். சீட்டு விரலை விட்டுப் பாதி வந்துவிட்டது.

“என்ன மாப்ள, தாய்மாமன் சீரு இம்புட்டுத்தானா? ஒம் மாமா வந்துருக்காருல்ல, கேட்டுட்டு வைக்கிறியா?” என்று சீண்டினான் அசோக்குமார்.

எங்கள் ஆட்களிடம் இது சும்மா பேச்சில்லை. சீர்த் தட்டோடு எழுந்தவன் சம்பந்தி பேச்சுக்குப் பயந்து உட்கார்ந்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அந்த ரோசத்தைச் சீட்டாடுகிற இடத்துக்குக் கொண்டுவந்தான் மடையன். கம்மலுக்கென்று வைத்திருந்த கவரைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து அப்படியே வைத்தான்.

“டேய், அது பிள்ள காசுடா!”

“சபையில எறங்கிப் போகக் கூடாது மாமா.”

மிச்சம் இரண்டு சீட்டும் வந்தன. ராஜாவுக்கு ஒத்தாசை இல்லை. அசோக்குமார் கையில் இருந்த இரண்டும் ஹார்ட்டின். நடுவில் கிடந்த மூன்றோடு சேர்த்து ஐந்தும் ஒரே ஜாதி; ராஜா சோடி அதற்கு முன்னால் செல்லாது. காசை அள்ளிய விரலில் பிரியாணி நெய் காயவில்லை.

நாலாம் நாள் குலசாமி கோயிலுக்குக் கொட்டு மேளத்தோடு சீர் வந்தது. கிடாய், மாலை, பழத்தட்டு, நடுத்தட்டில் கம்மல் டப்பா. எங்கேயோ புரட்டிவிட்டான் போல என்று நினைத்தேன். அஸ்வினி அவன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி கம்மலை எடுத்து ஒரு தடவை புரட்டினார். மறுபடி புரட்டினார். பாண்டிராஜ் முகத்தைப் பார்த்தார்.

“நல்ல நேரம் முடியப் போகுது. குத்துங்க ஆசாரி.”

கண் கொட்டாமல் சொன்னான். கையில் ஒன்றுமில்லாதவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு காட்டுகிற முகம் அது. எனக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். பிள்ளை வீறிட்டு அழுதது; பெண்கள் குலவை போட்டார்கள்.

ஆறாம் நாள் காது வீங்கிச் சீழ் வடிந்தது. டாக்டர் கழற்றிக் கொடுத்ததைப் பாண்டிமீனா கழுவியிருக்கிறாள். பூச்சு போய்ப் பச்சைக் களிம்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு காளவாசல் போனாள். கடைக் கண்ணாடி மேல் அதைப் பஞ்சோடு வைத்தாள்.

“கவரிங்காண்ணே?”

“ஒரு மாசத்துல மாத்திரலாம்னு இருந்தேன் மீனா. ஃபிளாப் வரைக்கும் நான் சரியாத்தான் ஆடுனேன். மாமாவக் கேளு.”

பிள்ளையின் சீழ் முன்னால் கிடக்கிறது. இவன் சீட்டாட்டத்துக்கு என்னைச் சாட்சி கூப்பிடுகிறான். ச்சீ!

தலையைத் தடவக் கை நீட்டினான். அஸ்வினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“ஆறுனதும் திரும்பக் குத்தணும். மடிக்கு நீ வேணாம்ண்ணே.”

“என் மடியில வச்சுக்கிறேன் தாயி,” என்றேன்.

“வேணாம் மாமா. அன்னைக்கு ஆசாரி மொகத்த நீங்களுந்தான பாத்தீங்க?”

பாண்டிராஜ் இன்னும் அந்த மாடிக்குப் போகிறான் என்று கேள்வி. இரண்டு மாதம் கழித்துத் திருப்பரங்குன்றத்தில் ஒரு நகைக்கடையில், மேளமில்லாமல், தன் மடியிலேயே வைத்து, பொட்டுத் தங்கத்தில் குத்திக்கொண்டு வந்தாள் பாண்டிமீனா. எங்கள் வழியில் மாமன் மடி இல்லாமல் குத்திய முதல் காது அது.