அடுப்பு என்று எழுதிய இடத்தில்

1. வருமான ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுக்குக் கேள்வித்தாளைத் தமிழில் எழுதியவள் நான்.
2. "ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் யார் யார்? ஒவ்வொருவரின் வருமானம் என்ன?" என்று கேட்டிருந்தேன்.
3. ஆய்வை நடத்தும் பொருளாதார நிபுணர் அடுப்பு என்ற சொல்லை அடித்துவிட்டு, "உங்கள் குடும்பத்தினர் யார் யார்?" என்று மாற்றினார்.
4. அந்தத் தாளோடு ஆட்கள், சிங்கப்பூருக்கு இக்கரையில் உள்ள சாஆ, லாயாங் லாயாங், செனாய் என்ற ஊர்களுக்குப் போனார்கள்.
5. தோட்டத்து வழிவந்த தமிழர்களுக்கும் படித்து உயர்ந்த தமிழர்களுக்கும் இடைவெளி குறைந்துவிட்டதாக முடிவு வந்தது.
6. முடிவு தவறு.

அந்த நிபுணரை நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவர். என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர். இதை நான் அலுவலகத்தில் பேசியதே இல்லை. என் வேலை தரவுகளைச் சரிபார்ப்பது, அவ்வளவுதான். ஆனால் அடுப்பை ஏன் எடுத்தீர்கள் என்று அன்றே கேட்டேன்.

"ஏன்மா, அடுப்பு சட்டின்னு எழுதுனா படிக்கிறவங்க சிரிப்பாங்க. குடும்பம்னா எவ்வளவு மரியாதையா இருக்கு!"

யாருக்கு மரியாதை என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

கணக்கெடுப்பு முடிந்த வாரம் சாஆவிலிருந்து சின்னம்மா கூப்பிட்டார். என் அம்மாவின் தங்கை. சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவுகிறார். முழங்கால் போய்விட்டது, நின்றுகொண்டேதான் வேலை.

"அலமாக், அந்தக் கேள்வியெல்லாம் நீதான் எழுதுனியாமே! எம் மவன் சிங்கப்பூர்ல வேலைன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிங்கப்பூர் காசை நம்ம வெள்ளிக்கு மாத்தி எழுதிக்கிச்சு. நம்ம குடும்பம் எவ்வளவு ஒசத்தின்னு உங்க ஆபீஸுக்கே தெரிஞ்சிருக்கும்லா."

போனை வைத்ததும் தரவைத் திறந்தேன். அவர் மகன் மனைவியோடு செனாயில் குடியிருந்து, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். சாஆவுக்குத் தீபாவளிக்கு வருவார். அவர் சம்பளம் செனாயில் ஒரு முறையும் சாஆவில் ஒரு முறையும் ஏறியிருந்தால், இன்னும் எத்தனை வீடுகளில் இப்படி?

தரவில் ஒவ்வொருவரும் வேலை செய்யும் ஊர் இருந்தது. சாஆ வெகுதூரம்; அங்கே குடியிருந்துகொண்டு சிங்கப்பூருக்குத் தினமும் போய்வருகிறவரை நான் பார்த்ததில்லை. வேலை செய்யும் ஊர் சிங்கப்பூர் என்று இருந்தவர்களை சாஆ வீடுகளிலிருந்து நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். குறைந்ததாகச் சொன்ன இடைவெளி அப்படியே திரும்பி வந்தது.

இது வெறும் கட்டுரை விவகாரமாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். ஆய்வுக்கு நிதி கொடுத்த அமைப்பு, வருமானத்தில் கடைசியில் நிற்கும் ஊர்களுக்கு மருத்துவச் செலவு கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. டாக்டரின் கணக்கில் சாஆ மேலே போய்விட்டது. சின்னம்மாவின் முழங்கால் சிகிச்சையும் அதோடு போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாஆவுக்குப் போனேன்.

"ஏன் சின்னம்மா அண்ணனைச் சேர்த்தீங்க? அவர் இங்க இல்லையே."

"நல்ல கதையா இருக்கே! குடும்பத்துல யாரு யாருன்னு கேட்டா பெத்த மவன விட்டுட்டா சொல்றது? பக்கத்து வீட்டுக்காரி வேற வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா."

"ஒரே அடுப்புல யார் சாப்பிடுறாங்கன்னு கேட்டிருந்தா?"

"நான் மட்டுந்தான்னு சொல்லியிருப்பேன். ரெண்டும் ஒரே கேள்வியா? படிச்சவதானே நீ!"

திங்கட்கிழமை திருத்திய கணக்கை டாக்டரின் மேசையில் வைத்தேன். முதல் பக்கத்தைத்தான் பார்த்தார்.

"ஆளைத் தூக்குனது உன் ஊகம்மா. நாம கேட்டோம், அவங்க சொன்னாங்க. பொய் சொன்னா அது அவங்க தப்பு."

"அவங்க பொய் சொல்லல டாக்டர். நீங்க கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொன்னாங்க."

"மறுபடி ஆள் அனுப்ப நிதி இல்ல. அடுத்த ஆய்வுல பார்ப்போம்."

"அப்ப ஒரு அடிக்குறிப்பாவது போடுங்க."

"போட்டா மொத்தக் கட்டுரையும் விழுந்துடும்."

விழ வேண்டியதுதான் என்றேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். ஏழைகளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதும் ஒருவருக்கு, சாஆவில் ஒரு தாய் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வாள் என்பது தெரியவில்லை. தெரிந்த பிறகும் அசையவில்லை. எனக்கு இரண்டாவதுதான் ஆறவில்லை.

கட்டுரை இதழுக்குப் போய்விட்டது. என் பெயரை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். திருத்திய கணக்கை நிதி கொடுக்கும் அமைப்புக்கு நானே அனுப்பியிருக்கிறேன். டாக்டருக்கும் அது தெரியும். அமைப்பிடமிருந்து பதில் வரவில்லை. உதவி பெறும் ஊர்களில் சாஆ இல்லை. சின்னம்மா இன்றும் நின்றுகொண்டுதான் மங்கு கழுவுகிறார்.