எந்தச் சத்தத்துக்கு இந்த மாவிளக்கு

வேண்டிக்கொள்ளும்போது வார்த்தையை அளந்து விட வேண்டும். நான் அளக்கவில்லை. எங்கள் ஊர் மாரியம்மன் முன்னால் நின்று, "தாயே, என் பொண்ணு வாசிச்சது ஒரு சினிமாவுல வந்து, அதை என் காதால கேட்டுட்டேன்னா உனக்கு மாவிளக்குப் போடுறேன்" என்று சொல்லிவிட்டேன். சினிமாவில் வந்தால் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். என் காதால் என்று ஏன் சேர்த்தேன், யார் சேர்க்கச் சொன்னது, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் மகள் வாசிப்பது செல்லோ. வயலின் மாதிரிதான், ஆனால் சின்ன ஆள் உயரம் இருக்கும். இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு வில்லால் இழுக்க வேண்டும். திருவாரூரில் வயலின் கற்றுக்கொண்டவள், சென்னைக்குப் போய் இதற்கு மாறிவிட்டாள். முதல் தடவை அதை ஊருக்குக் கொண்டுவந்தபோது பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தாராம். என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய தம்பி மனைவி, அடுத்த வீடுதான், அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மாப்பிள்ளையைக் கையோட கூட்டிட்டு வந்துட்டாளா?" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். அந்தக் கருவிக்கு அடியில் ஒரு கம்பி இருக்கிறது, அது தரையில் ஊன்றி நிற்கும். நான் தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் தரை வழியாக என் முழங்காலுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து வயிற்றுக்கு. நான் பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் சிரித்தாள். என் மகளுடைய சத்தம் என்றால் இப்படித்தான் வரும், தரை வழியாக வரும் என்று அன்றைக்கே என் மனதில் பதிந்துவிட்டது. பிறகு நடந்த தப்புக்கு அதுதான் காரணம்.

போன வருஷம் ஒருநாள் போன் பண்ணினாள். ஒரு உளவாளி படம், அதற்கு வாசித்திருக்கிறாளாம். "பாதி ஆர்க்கெஸ்ட்ராம்மா, பாதி எலக்ட்ரானிக். செல்லோ மட்டும் நாங்க எட்டுப் பேரு."

"எந்தக் கட்டத்துலடி வருது?"

"எங்களுக்கே தெரியாதும்மா. தாளுல நம்பர்தான் போட்டிருக்கும். காதுல ஹெட்போன், அதுக்குள்ள டிக் டிக்குன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அதைக் கேட்டுக்கிட்டே வாசிச்சிட்டு எழுந்து வந்துருவோம். படம் வந்தாதான் தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. கதை தெரியாமல் எப்படி வாசிப்பார்கள்? துக்கமா சந்தோஷமா என்றாவது சொல்ல மாட்டார்களா? கேட்டால், "மெதுவா, கீழ, அழுத்தி, அவ்வளவுதான் சொல்லுவாங்க" என்றாள்.

படம் வந்தபோது எங்களுக்கு நடவு முடிந்திருந்த நேரம். சென்னையில் அவளுக்கு வேலை ஓயாததால் அவள் இன்னும் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு திருவாரூருக்கு மத்தியான ஆட்டத்துக்குப் போனேன். அவர் வழியெல்லாம் வயல் வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். தியேட்டரிலும் சும்மா இல்லை. "இவன் ஒரே நாளுல நாலு தேசத்துக்குப் போறான். நாம ஒரு பட்டா மாத்த தாலுக்கா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தோம்?" என்றார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் படம் பார்க்கவில்லை, கேட்டேன். அதுதான் சிரமமாகப் போய்விட்டது. இசை எங்கே முடிகிறது, சத்தம் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. கடிகாரம் ஓடுகிற மாதிரி ஒன்று, மிஷின் உறுமுகிற மாதிரி ஒன்று, நடுவில் நூறு வயலின் சேர்ந்து கத்துகிற மாதிரி ஒன்று. இதில் எது மனிதர் கை, எது கரண்டு? எனக்கென்ன தெரியும்? எட்டாவதோடு நின்றவள் நான்.

படம் முடிய ஒரு கால் மணி இருக்கும்போது அந்த உளவாளி தனியாக ஒரு பாலத்தின் மேல் நிற்கிறான். பேச்சில்லை. அப்போது வந்தது. ரொம்பக் கீழே, இழுத்து, நிறுத்தாமல். நாற்காலியின் கால் வழியாக என் முழங்காலுக்கு வந்தது. முழங்காலிலிருந்து வயிற்றுக்கு. "இதாங்க, இதாங்க" என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையே பச்சரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மாவாக்கி, வெல்லமும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து, குழி செய்து நெய் விட்டுத் திரி போட்டேன். பூசாரி, "யாரு பேருக்கும்மா?" என்று கேட்டார். மகள் பெயரையும் நட்சத்திரத்தையும் கணீரென்று சொன்னேன். விளக்கு மலையேறிய பிறகு மாவைத் தெரு முழுக்கக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் பாலத்துக் கதையையும் சேர்த்தே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் படம் பார்த்துவிட்டுப் பேசினாள். நான் அவளைப் பேசவே விடவில்லை. பாலம், முழங்கால், அழுகை, மாவிளக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, அது நாங்க இல்லைம்மா."

"என்னடி சொல்றே?"

"பாலத்துல வர்றது முழுக்கக் கீபோர்டு. எங்களோடது, கார் துரத்துற இடத்துல துப்பாக்கிச் சத்தத்துக்கு அடியில போயிருச்சு. லாரி ஆத்துல விழுந்து வெடிச்சதும் ஒரு மூச்சு நேரம் எல்லாம் நிக்கும் பாரு, அங்க மட்டும் நாங்க தனியா இருக்கோம். அதுவும் இங்க தியேட்டர்ல ஒரே விசில். எனக்கே கேக்கலை." பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "நீ கூடவாம்மா என்னைக் கண்டுபிடிக்கலை?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னை அறுத்துவிட்டது. பெற்ற காது தவறிவிட்டது. அதோடு காதில் விழாததை விழுந்ததாக அம்மனிடம் சொல்லி விளக்கும் போட்டுவிட்டேன். இது பொய்யா, பிசகா? பூசாரியிடம் போய்க் கேட்டேன். அவர் என் வயதுக்காரர், கிண்டல் பேர்வழி. "எரிஞ்ச திரியைத் திருப்பியா கேக்க முடியும்? மாவை நானும்தான் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் தடவை ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் குறைந்திருந்தது, ஆனால் பின் வரிசையில் காலேஜ் பிள்ளைகள் ஆறேழு பேர். லாரி ஒன்று குறுக்கே வந்ததற்கே விசில் அடித்தார்கள். துரத்துகிற கட்டம் இடைவேளைக்குப் பிறகுதான் என்று மகள் சொல்லியிருந்தாள். இடைவேளையில் எழுந்து அவர்களிடம் போனேன்.

"தம்பிகளா, ஒரு ஒத்தாசை பண்ணணும். லாரி ஆத்துல விழுறப்ப மட்டும் கொஞ்சம் விசில் அடிக்காம இருங்கப்பா. அங்க என் பொண்ணு வாசிக்கிறா."

ஒருவன் பாப்கார்னைக் கீழே வைத்தான். "நிசமாவாம்மா? ஹீரோ பக்கமா, வில்லன் பக்கமா?"

"அது தெரியாதுப்பா. ஆத்துப் பக்கம்."

"டேய், இவங்க பொண்ணு வாசிக்கிறாங்களாம், எவனாவது வாயைத் தொறந்தீங்க..." என்று அவனே மற்றவர்களை மிரட்டினான்.

துரத்தல் வந்தது. சுடுகிறார்கள், கண்ணாடி உடைகிறது, மிஷின் உறுமுகிறது. நான் அம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். லாரி கவிழ்ந்து வெடித்தது. எல்லாம் நின்றது. முன்பக்கம் ஒருவன் விசிலுக்கு விரலை வாயில் வைத்திருப்பான் போல. பின்னாலிருந்து, "உஷ்ஷ்!" என்று ஒரு அதட்டல். தியேட்டரே கப்சிப்.

வந்தது. கொஞ்சம் கரகரப்போடு, மேல் மூச்சு வாங்குவது மாதிரி. முழங்காலுக்கு வரவில்லை. காதுக்குத்தான் வந்தது. பாதி வந்திருக்கும், அதற்குள் என் ஓரகத்தி காதோரம் குனிந்து, "அக்கா, இதுவா?" என்றாள்.

மீதிப் பாதி போய்விட்டது.

வெளியே வந்து அவளை ஏச வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "நான் கேட்டேன்க்கா. நல்லா கேட்டுச்சு." கேட்டது அவள்தான் போலிருக்கிறது. நான் கேட்டேனா?

பஸ் ஸ்டாண்டிலிருந்தே மகளுக்குப் போன் போட்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "கேட்டுச்சு கண்ணு. பாதிதான் கேட்டுச்சு. அந்தப் பாதியிலயும் எட்டுப் பேருல நீ எதுன்னு எனக்குத் தெரியலை."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "தெரியக் கூடாதும்மா. எட்டும் ஒண்ணாத்தான் கேக்கணும். நான் தனியாக் கேட்டிருந்தா அன்னைக்கே திட்டி வெளில அனுப்பியிருப்பாங்க." பிறகு, "எனக்காக தியேட்டரையே வாய மூட வச்சியாம்மா?" என்றாள். என் ஓரகத்தி அதற்குள் அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டிருக்கிறாள். போனில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அது எனக்கு நன்றாகவே கேட்டது.

மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் வரும்போது இன்னொன்று குடைய ஆரம்பித்தது. பாலத்துச் சத்தம்? அதற்கும்தானே நான் அழுதேன், அதற்குத்தானே விளக்கு எரிந்தது? வீட்டுக்கு வந்து மறுபடி மகளைக் கேட்டேன். "அந்தக் கீபோர்டு யாருடி?"

"ஒரு அக்காம்மா. அந்த ஒரு சத்தத்துக்கே நாலு நாள் உட்கார்ந்திருந்தாங்களாம்."

"என்ன நட்சத்திரம்னு கேட்டுச் சொல்லு."

"அம்மா! அவங்க வேளாங்கண்ணிக்குப் போறவங்க. அவங்களுக்கு ஏது நட்சத்திரம்?"

நாங்களும்தான் வேளாங்கண்ணிக்குப் போகிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அந்த மாதாவுக்கு என் நட்சத்திரம் தெரியாது. இருந்தும் ஏற்றுக்கொள்ளவில்லையா?

இந்த வெள்ளிக்கிழமை மறுபடி அரிசி ஊறவைத்தேன். ஒன்று பிசைய உட்கார்ந்தவள் இரண்டாகச் செய்துவிட்டேன். பூசாரி தட்டைப் பார்த்து, "இன்னைக்கு ரெட்டையா? யாரு யாரு பேருக்கு?" என்றார்.

ஒன்றுக்கு மகள் பெயரைச் சொன்னேன். "பாதி கேட்டதுக்கு" என்று அம்மனைப் பார்த்து மெதுவாகச் சேர்த்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு?"

"அது போன தடவைதுங்க. ஆள் மாறிப்போச்சு. அவங்க பேரு கேக்க மறந்துட்டேன். நட்சத்திரமும் இல்லைங்களாம்."

பூசாரி கற்பூரத் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நட்சத்திரம் இல்லாம யாரும்மா பொறந்திருக்கா?" என்றார்.

இரண்டு திரியும் எரிந்துகொண்டிருந்தன. கும்பிட்டேன்.