என் விரலைக் குத்திப் பார்த்தவர்கள்

கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டுகிறார்களே, அந்த ஒரு நம்பிக்கையில்தான் எங்கள் சவரத் தொழில் ஓடுகிறது. மதுவிலக்கு வந்த சமயம், ராயபுரத்தில் என் சலூனில் அந்த நம்பிக்கை கெட்டுப்போனது. விடிந்தால் என் இரண்டு கை விரல்களும் வீங்கி, விறைத்து, மடங்க மறுக்கும். ஒன்பது மணிக்கு மேல்தான் வழிக்கு வரும். வேட்டி முடிச்சுப் போட வராமல் காலையில் பல்லைக் கடித்து நின்ற புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும். துறைமுக வேலைக்குப் போகிறவர்கள் சவரத்துக்கு வருவதோ ஆறு மணிக்கு. கை போனால் கடை போச்சு, கடை போனால் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு போச்சு.

ஏட்டு மோந்து பார்த்தது

எங்கள் பேட்டை ஏட்டையா சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தார். கத்தி என் விரலிலிருந்து நழுவி அவர் மடியில் விழுந்தது. நல்லவேளை, காயமில்லை. ஆனால் எழுந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். "வாயை ஊது!" ஊதினேன். வேப்பங்குச்சி வாசனைதான் வந்திருக்கும். மறுபடி ஊதச் சொன்னார். மூன்றாவது தடவை மோந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வாசனையே இல்லாத சரக்கா கீதே, எங்கடா வாங்கறே?"

நான்கு பல்

பக்கத்துத் தெரு டாக்டர் என் விரலைத் தொடவே இல்லை, வாயைத் திறக்கச் சொன்னார். சொத்தைப் பல்லின் விஷம்தான் மூட்டில் இறங்குகிறதாம். எனக்கு அப்போதே சந்தேகம். ஆனாலும் வலி பொல்லாதது, சம்மதித்தேன். நான்கு பல் போனது. மறுநாள் காலை விரல் எப்போதும்போல் விறைத்துக் கிடந்தது. அடுத்த நாற்காலியில் வேலை செய்த நாகப்பன் என் கன்ன வீக்கத்தைப் பார்த்துச் சொன்னான்: "கத்தி புடிக்க வரலன்னு போனே, இப்போ கறி கடிக்கவும் வராம வந்துகீறே."

பாதி முகம்

வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் விரல் சீக்கிரம் இளகும் என்று கண்டுகொண்டேன். திரைக்குப் பின்னால் ஒரு கிண்ணம் வைத்திருந்தேன். தோல் மண்டி கஃபூர் பாய் என் பத்து வருஷ வாடிக்கை. ஒருநாள் காலை அவருக்கு ஒரு கன்னம் முடித்ததும் விரல் முரண்டு பிடித்தது. "ஒரு நிமிஷம் பாய்" என்று திரைக்குப் பின்னால் போனேன். அவர் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். வீங்கிய விரல்கள், மறைவாக ஒரு வைத்தியம். அவர் முகம் மாறியது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதே நைனா, மீதிய வூட்ல நானே பண்ணிக்கிறேன்."

பெரியாஸ்பத்திரி

சாயங்காலத்துக்குள் 'குஷ்டம்' என்ற சொல் காசிமேடு வரை போய்விட்டது. நாகப்பன் தன் நாற்காலியை வாசலோரம் நகர்த்திக்கொண்டான். என் நாற்காலியில் ஈ உட்கார்ந்தது. எனக்கே பயம் வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே டாக்டர், "கண்ணை மூடு, தொட்ட இடத்தைச் சொல்லு" என்றார். பல்லை இழந்தவன் லேசில் கண்ணை மூடுவானா? ஓரக்கண்ணால் பார்த்தேன், திட்டினார். பஞ்சால் தடவினார், சொன்னேன். ஊசியால் குத்தினார், வராந்தா வரை கேட்கக் கத்தினேன். குஷ்டம் என்றால் இப்படிச் சுருக்கென்று உறைக்காதாம். பிறகுதான் விசாரித்தார்: காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, இரண்டு கையிலும் ஒரே மாதிரியா, அசதி உண்டா என்று. ரத்தமும் எடுத்தார். அடுத்த வாரம் அவர் சொன்னதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன்: "இது முடக்குவாதம்பா. லேசுல போகாது, உன்னைப் படுத்தும். ஆனா யாருக்கும் ஒட்டாது."

கஃபூர் பாயின் ஊசி

ஊசி குத்தினால் உறைக்கிறது, இது குஷ்டமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கண்ணாடி பக்கத்தில் மாட்டினேன். ஏட்டையா அதை உரக்கப் படித்துக் காட்டினார். கஃபூர் பாய் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. மடியிலிருந்து கோணி தைக்கும் ஊசியை எடுத்து, என்னைக் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். விரலில் நறுக்கென்று குத்தினார், "ஐயோ!" என்று அலறினேன். அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தவர், கழுத்தை நீட்டுமுன் மறுபடி ஊசியைத் தூக்கினார்: "இன்னொரு தபா குத்திக்கிறேன் மாமு, மனசுக்கு ஒரு சமாதானம்."

பேட்டையில் பாதிப்பேர் இப்படிக் குத்திப் பார்த்த பிறகுதான் என் நாற்காலி நிரம்பியது. வலிக்கிறது என்று கத்தியே பிழைத்துக்கொண்ட சவரத் தொழிலாளி ராயபுரத்தில் நான் ஒருவன்தான்.