பெட்பேனில் மோர்

பாளையங்கோட்டையில் நான் நடத்துவது ஆஸ்பத்திரிச் சாமான் கடை. எழுந்திருக்க முடியாதவர்கள் வெளிக்குப் போக அடியில் வைக்கும் பெட்பேன்தான் வியாபாரத்தில் பாதி. முகம் சுளிக்கிறவர்களிடம், "புத்தம் புதுசுவே! இதுல சோறு போட்டுத் தாரும், திங்கேன்" என்பேன். வாய் அப்படி. பெட்டிகூடப் பிரிக்காமல் கடைக்கே திரும்பி வந்த தண்ணீர் மெத்தையை, முதலில் வாங்கிய வீட்டில் ஆள் இறந்துவிட்டார் என்பதற்காக நாங்குநேரிக்காரர் ஒருவர் தொட மறுத்தபோது, அவர் படியிறங்கும் வரைகூடப் பொறுக்காமல் சிரித்தவன் நான்.

போன சித்திரையில் மனோதத்துவம் சொல்லித்தரும் கல்லூரி டீச்சர் ஒருவர் தூக்குவாளியில் மோரோடு வந்தார். அறிவு ஒத்துக்கொண்டதை மனசு எங்கே மறுக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. என் கண்முன்னால் புது பெட்பேனின் உறையைப் பிரித்து, வெந்நீரில் கழுவி, மோரை ஊற்றினார்.

"குடிங்க அண்ணாச்சி. முடியலன்னா முடியலன்னு சொல்லிரலாம்."

கடையில் வேலை பார்க்கும் அக்கா, பஞ்சு கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முன்பு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவர். ஆறு வருஷமாக என்னிடம். "நம்ம கடையில மேல கீழ கிடையாதுக்கா, நீ என் கூடப்பிறந்தவ" என்று மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவேன். சிரித்துக்கொள்வார். நம்பினாரா என்று நான் கேட்டதில்லை.

தூக்கினேன். கிட்டே வந்ததும் இல்லாத நாற்றமெல்லாம் அடித்தது. மிதந்த கறிவேப்பிலைத் துணுக்கு என்னவோ மாதிரி தெரிந்தது. ஓங்கரித்தேன். காலையில் தின்ற இட்லிகள் எழுந்து நின்று டீச்சருக்கு வணக்கம் சொல்லப் பார்த்தன.

"என்ன அண்ணாச்சி, மசக்கையா? கொண்டாங்க இங்கன" என்று அக்கா வாங்கினார். வாய் வைத்துப் பாதியைக் குடித்தார். "புதுசுதான? நான் கழுவாததா! உப்புதான் கொஞ்சம் கம்மி டீச்சர்."

மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

இப்போது குடித்தால் ஆறு வருஷம் சொல்லிவந்தது நிஜம். குடிக்காவிட்டால், அதுவும் அவருக்குத் தெரிந்துவிடும். விளிம்பில் அவர் உதடு பட்ட ஈரம் மினுங்கியது. பெட்பேன் எனக்கு மறந்தே போயிற்று. அந்த ஈரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற புதுசு ஒண்ணு எடுக்கட்டா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

அக்காவே அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து, உறை பிரித்து, கழுவி, என் முன்னால் வைத்தார். டீச்சர் ஊற்றினார். ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். ஓங்கரிப்பு இல்லை, நாற்றம் இல்லை. கறிவேப்பிலை கறிவேப்பிலையாகவே இருந்தது.

"அஞ்சு நிமிஷம் முன்னால முடியலயே, இப்ப எப்படி முடிஞ்சுது?" என்றார் டீச்சர். கேலி இல்லை, எழுதிக்கொள்ளத்தான் கேட்டார்.

"தாகம்" என்றேன். மோர் உள்ளே நிம்மதியாகக் கிடந்தது. குமட்டியதெல்லாம் அதைக் குடித்தவனை நினைத்துத்தான்.

அக்கா இரண்டையும் கழுவ எடுத்துப் போனார். எப்போதும் ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கித்தான் எடுப்பார். அன்று வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. ஒன்றோடு ஒன்று பட்டுவிடாமல், பைய நடந்து போனார்.