சம்பளம் வேண்டாம் என்றார் அப்பா

புதுக் கறுப்புக் கோட்டுக்கு ஒரு பசை வாசனை உண்டு. சிங்கம்புணரியிலிருந்து காரைக்குடி வரும்வரை, அந்த வாசனையோடு பஸ்ஸில் ஒரே வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்...

"சார், மாசம் அஞ்சாயிரம் எதிர்பாக்குறேன்."

பக்கத்தில் அப்பா. அவர் பையில் பழம், வெற்றிலை, பாக்கு. வக்கீல் ஆபீஸில் ஜூனியராகச் சேர்வதை எங்கள் பக்கம் வேலை என்று யாரும் சொல்வதில்லை. தட்டு வைத்துத்தான் சேர வேண்டும்.

அப்பாவின் விவசாயத்தில் தம்பி படிப்பே இழுபறி. சம்பளம் இல்லையென்றால் கோட்டைக் கழற்றிவிட்டு ஊர் ஜவுளிக்கடையில் பில் போடப் போக வேண்டியதுதான். இது அப்பாவுக்கும் தெரியும்.

சீனியர் தட்டை வாங்கிக்கொண்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"சம்பளமெல்லாம் வேணாங்கய்யா. புள்ளைக்குத் தொழிலச் சொல்லிக் குடுத்தீகன்னா போதும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் பேசி வைத்தது என்ன, இவர் இங்கே சொல்வது என்ன...

"இல்ல சார். எனக்குச் சம்பளம் வேணும்."

சீனியர் கோபப்படவில்லை. "சம்பளம் வாங்குனா நீ ஆபீஸ் ஆளும்மா. வாங்காம இருந்தாத்தான் ஜூனியர். எதுன்னு நீயே சொல்லு."

"ஆபீஸ் ஆளாவே இருந்துக்கிறேன் சார்."

மூவாயிரம் என்றார். நான் அசையவில்லை. நாலாயிரத்தில் முடிந்தது.

அப்பா படி இறங்கும்போதுதான் பேசினார். "உன்னையக் கூலியாளா நெனச்சிரக் கூடாதேன்னுதான்த்தா அப்புடிச் சொன்னேன்." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது சிவகங்கையில் எனக்கென்று ஒரு சின்ன ஆபீஸ். ஃபீஸுக்காகக் கட்சிக்காரர்களுக்குப் போன் போட்டே பாதி நாள் ஓய்ந்துபோகிறது. மாசம் பிறந்தால் முதலில் ஜூனியர் சம்பளம், மிச்சம்தான் எனக்கு.

போன வாரம் ஒரு பெண் சேர வந்தாள், தனியாக. உட்கார்ந்ததும் தொகையைச் சொன்னாள். என்னால் முடிந்ததை நான் சொன்னேன்.

"சரி மேடம், திங்கக்கிழமை வந்துர்றேன்."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அவள் போனபின் எனக்கு நாற்காலியை விட்டு எழவே தோன்றவில்லை. பொறாமை என்று சொல்ல மாட்டேன்... ஒரு அசதி. அவளுக்குச் சம்பளமும் கிடைத்தது, ஜூனியர் என்ற பெயரும் கிடைத்தது. வீட்டில் அவள் அப்பா இந்நேரம் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பார்.

எனக்குச் சம்பளம் கிடைத்த அன்றைக்கு, எங்கள் அப்பா தோற்றுப்போனவராகத்தான் பஸ் ஏறினார்.